முதல் பத்து நிமிடம் யார் கையில்? கபீப்–மக்ரெகர் சண்டையைக் கணித்தல்: ஒரு நிகழ்வு ஆய்வு

2018 அக்டோபர் 6, லாஸ் வேகாஸ், டி-மொபைல் அரீனா, யு.எஃப்.சி. 229: குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்.எம்.ஏ. சண்டைகளை நடத்தும் அமெரிக்க நிறுவனத்தின் 229 என்று எண்ணிட்ட நிகழ்ச்சி. லைட்வெயிட் (155 பவுண்ட்) பட்டம் வைத்திருந்தவர் ரஷ்யாவின் தாகெஸ்தான் பகுதியைச் சேர்ந்த கபீப் நுர்மகமெடோவ்: 26 சண்டை, 26 வெற்றி. எதிரே அயர்லாந்தின் கானர் மக்ரெகர்: 21 வெற்றி, 3 தோல்வி. இரண்டு எடைப் பிரிவுகளின் பட்டங்களை ஒரே நேரத்தில் வைத்திருந்த முதல் யு.எஃப்.சி. வீரர் மக்ரெகர். 4-ஆம் ரவுண்டில், 3 நிமிடம் 3 விநாடியில், கழுத்தை நெரித்துத் திருகும் பிடியில் மக்ரெகர் தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டிவிட்டார் என்பது இந்த விளையாட்டைப் பார்க்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். (இந்தியாவில் அது 7-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை. பழைய சண்டைகளைப் பட்டியலிடும்போது ஒரு நாள் முன்பின்னாக வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அரங்கம் இருந்த ஊரின் தேதியையே எழுதிக்கொள்ளுங்கள்.)

இதை எடுத்துக்கொள்ளக் காரணம், கணிப்பதற்குத் தேவையான எல்லாமே இதில் இருக்கிறது: தோல்வியே இல்லாத சாதனைப் பட்டியல், நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்பும் நட்சத்திரம், நேரெதிர் பாணிகள், ஐந்து ரவுண்ட் (ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம்), கூடவே அளவுக்கு மீறிய கூச்சல். முடிவு தெரிந்தபின் எழுதுவதால் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்கிறோம். கணிப்புப் பகுதியில் வரும் எந்தத் தகவலும் அக்டோபர் 5 எடைபார்ப்புக்குப் பிந்தையதாக இருக்கக்கூடாது. சதவீதங்கள் எல்லாம் இந்த ஆய்வுக்காகப் போட்ட மதிப்பீடுகள்.

கேள்வியை முதலில் பூட்டுங்கள்

"யார் ஜெயிப்பார்?" என்பது ஒரு கேள்வி. "எப்படி?", "எந்த ரவுண்டில்?" என்பவை வேறு கேள்விகள். மூன்றையும் தனித்தனியாக, எண்ணோடு, தேதி நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும். "கபீப் ஜெயிப்பார்னு நினைக்கிறேன்" என்பதைப் பின்னால் எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். "கபீப் 62 சதவீதம்" என்பதை வளைக்க முடியாது.

சண்டை மாறினால் கணிப்பு ரத்து என்றும் அதிலேயே எழுதுங்கள். கபீப் பட்டம் வென்ற யு.எஃப்.சி. 223-ஐப் பாருங்கள் (2018 ஏப்ரல் 7, புரூக்ளின்). எதிராளி முதலில் டோனி ஃபெர்குசன். அவருக்கு முழங்காலில் காயம். அடுத்து வந்த மேக்ஸ் ஹாலோவேயை எடைக் குறைப்பு காரணமாக நியூயார்க் ஆணையம் நிறுத்தியது. கடைசியில் நின்றவர் அல் யாக்விண்டா. ஃபெர்குசனுக்காகப் போட்ட கணக்கை யாக்விண்டாவுக்கு நகர்த்துவதில் எந்த அர்த்தமும் இல்லை.

சந்தை விலையிலிருந்து தொடங்குதல்

பந்தயம் கட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கானவர்களின் கருத்து ஏற்கெனவே ஒரே எண்ணாகச் சுருங்கிக் கிடக்கிறது, அதைப் பார்க்காமல் தொடங்குவது வீண். சண்டை நெருங்கியபோது பந்தய விலை கபீப்புக்கு ஏறக்குறைய -160, மக்ரெகருக்கு ஏறக்குறைய +140. அமெரிக்க முறையில் மைனஸ் எண் என்றால் 160-ஐ 260-ஆல் வகுக்க வேண்டும்: 61.5 சதவீதம். பிளஸ் எண் என்றால் 100-ஐ 240-ஆல் வகுக்க வேண்டும்: 41.7 சதவீதம். கூட்டினால் 103.2. அந்த மிச்சம் 3.2 பந்தயம் நடத்துபவரின் லாபம். இரண்டையும் 103.2-ஆல் வகுத்தால் கபீப் 59.6, மக்ரெகர் 40.4.

பலரும் வழுக்குவது இந்த இடத்தில்தான். 60 சதவீதத்தைப் பார்த்ததும் "அதோடு கபீப் தோற்றதே இல்லையே" என்று இன்னும் பத்தைக் கூட்டுகிறார்கள். தோற்றதில்லை என்பது அந்த 60-க்குள்ளேயே இருக்கிறது. சந்தைக்குத் தெரியாத, அல்லது சந்தை தவறாக எடைபோட்டிருக்கிறது என்று காரணம் காட்ட முடிகிற விஷயத்துக்கு மட்டுமே எண்ணை நகர்த்த வேண்டும். அந்தக் காரணத்தை ஒரே வரியில் எழுத முடியவில்லையென்றால் நகர்த்தாதீர்கள்.

சாதனைப் பட்டியலைப் பிரித்துப் படித்தல்

26-0 என்பதில் 16 சண்டைகள் யு.எஃப்.சி.க்கு முந்தையவை. அவற்றை ஓரமாக வைத்துவிட்டு மீதிப் பத்தை மட்டும் எடுக்கலாம். ஆறு சண்டைகள் ஜட்ஜ்களின் புள்ளி முடிவு: டிபாவ், ட்ருஹியோ, ஹீலி, டோஸ் ஆஞ்சோஸ், பார்போசா, யாக்விண்டா. இரண்டு சப்மிஷன் (பிடி போட்டு எதிராளியைத் தோல்வியை ஒப்புக்கொள்ள வைப்பது), இரண்டும் 3-ஆம் ரவுண்டில்: ஷலோருஸ், மைக்கேல் ஜான்சன். இரண்டு நாக்அவுட்: தவாரெஸ் முதல் ரவுண்டில், ஹோர்ச்சர் 2-இல். பத்தில் இரண்டு மட்டுமே முதல் இரண்டு ரவுண்டுக்குள் முடிந்திருக்கின்றன. ஆளை உடனே முடிக்கிறவர் என்ற பெயர் அவருக்குக் கிடையாது, அரைத்து எடுப்பவர். இன்னொரு குறிப்பு: இந்தப் பத்தில் ஐந்து ரவுண்ட் சண்டை யாக்விண்டாவுடன் போட்டது ஒன்றுதான். 4, 5-ஆம் ரவுண்டுகளைப் பற்றிய தரவு மிகக் குறைவு.

மக்ரெகரின் யு.எஃப்.சி. கணக்கு 9 வெற்றி, 1 தோல்வி. ஒன்பதில் ஏழு நாக்அவுட், அந்த ஏழுமே முதல் இரண்டு ரவுண்டுக்குள்: பிரிமேஜ், பிரண்டாவ், போரியே, சீவர், மெண்டஸ், ஆல்டோ, ஆல்வாரஸ். ஆல்டோவுக்கு 13 விநாடிதான் தேவைப்பட்டது. மீதி இரண்டும் புள்ளி முடிவு, ஹாலோவேயுடன் ஒன்று, நேட் டயஸுடனான இரண்டாம் சண்டை மற்றொன்று. மூன்றாம் ரவுண்டுக்குப் பின் யு.எஃப்.சி.யில் அவர் யாரையும் முடித்ததில்லை. அவருடைய மூன்று எம்.எம்.ஏ. தோல்விகளும் சப்மிஷன்: 2008-இல் முழங்கால் பூட்டு, 2010-இல் கைமுக்கோணப் பிடி, 2016 மார்ச்சில் நேட் டயஸ் பின்னாலிருந்து போட்ட கழுத்துப்பிடி.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு கோடு தெளிவாகத் தெரியும். ஒருவருடைய சண்டை முதல் பத்து நிமிடத்தில் இருக்கிறது. மற்றவருடையது அதற்கு அப்புறம். "யார் சிறந்தவர்" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் இது கண்ணில் படாது.

எங்கே சண்டை நடக்கும்?

ஒவ்வொரு ரவுண்டும் நின்ற நிலையில்தான் தொடங்குகிறது. தரைச் சண்டைக்காரனுக்கு எதிராக நிற்பவனுக்கு விதிகள் தரும் பெரிய சலுகை இது. ஐந்து ரவுண்ட் சண்டையில் மக்ரெகருக்கு ஐந்து முறை இலவசமாக நின்று ஆட வாய்ப்பு. அந்த வாய்ப்பு ஒவ்வொரு முறையும் எத்தனை விநாடி நீடிக்கும் என்பதுதான் கணக்கிட வேண்டியது.

கபீப்பின் டேக்டவுனை (எதிராளியைத் தரைக்குச் சாய்ப்பதை) சதவீதமாகப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். அவர் ஒரே பாய்ச்சலில் ஆளைச் சாய்க்கிறவர் அல்ல. தூரத்திலிருந்து காலை நோக்கிப் பாய்வார், அது தடுக்கப்படும். பிடித்த காலை விடாமல் எதிராளியைக் கேஜ் வேலிக்குத் தள்ளுவார். அங்கே இரண்டு தொடைகளுக்கும் பின்னால் கைகோத்து இழுப்பார். வரவில்லையென்றால் இடுப்பைக் கட்டித் தூக்குவார். அதுவும் இல்லையென்றால் வெளிக்காலைத் தட்டிவிடுவார். முதல் முயற்சி தோற்பது அவருக்கு அடுத்ததன் தொடக்கம். ஒரு முயற்சிக்கு வெற்றி வாய்ப்பு 40 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு ரவுண்டில் மூன்று முயற்சி என்றால் மூன்றும் தோற்கும் வாய்ப்பு 0.6-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.216. அதாவது அந்த ரவுண்டில் குறைந்தது ஒரு முறையாவது கீழே கொண்டுபோக 78 சதவீதம். "டேக்டவுன் துல்லியம் 40" என்று திரையில் ஓடும் எண்ணும் இந்த 78-உம் ஒரே மனிதரைப் பற்றியவைதான். முயற்சிகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை அல்ல என்பதால் 78 கொஞ்சம் மிகைதான். ஆனாலும் திசை சரி.

கீழே விழுந்த பின் நடப்பது இன்னும் முக்கியம். எதிராளி வேலியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்ததும் கபீப் தன் கால்களால் அவருடைய இரண்டு கால்களையும் சுற்றிப் பூட்டிவிடுவார். எழுந்திருக்க ஒரு கையைத் தரையில் ஊன்ற வேண்டும். ஊன்றிய அந்த மணிக்கட்டை முதுகுக்குப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொள்வார். இப்போது கால் இல்லை, ஒரு கை இல்லை. மிச்சமிருக்கும் ஒரு கையால் முகத்தைக் காக்க வேண்டும். பார்போசா சண்டையில் இதை மூன்று ரவுண்டும் பார்க்கலாம். ஜட்ஜ்கள் 30-25, 30-25, 30-24 என்று போட்டது சும்மா அல்ல.

எதிர்ச் சாட்சிகளையும் எடுத்து வைக்க வேண்டும். 2012 ஜூலையில் கிளைசன் டிபாவைக் கபீப்பால் ஒரு முறைகூடக் கீழே சாய்க்க முடியவில்லை. அந்தச் சண்டையின் புள்ளி முடிவு இன்றும் விவாதத்துக்குரியது. டிபாவ் இடுப்பு வலுவும் உடல் பருமனும் கொண்ட லைட்வெயிட். மக்ரெகர் ஒரு படி கீழே உள்ள எடைப் பிரிவான ஃபெதர்வெயிட்டிலிருந்து ஏறி வந்தவர். யாக்விண்டா நடு ரவுண்டுகளில் சில பாய்ச்சல்களைத் தடுத்தார். கபீப் நின்று ஜாப் (முன்கைக் குத்து) போட்டே அந்த நேரத்தை ஓட்டினார். மறுபக்கம், 2013 மே மாதம் ஏபெல் ட்ருஹியோவை ஒரே சண்டையில் 21 முறை சாய்த்து யு.எஃப்.சி. சாதனை படைத்தார். இந்த இரண்டு கோடிகளுக்கும் நடுவில் மக்ரெகர் எங்கே நிற்கிறார்?

அதற்குக் கிடைத்த ஒரே நல்ல சாட்சி 2015 ஜூலையின் சாட் மெண்டஸ் சண்டை. ஆல்டோவின் விலா எலும்புக் காயத்தால் மெண்டஸ் ஏறக்குறைய இரண்டு வார அவகாசத்தில் வந்தவர். தரமான மல்யுத்தக்காரர். மக்ரெகரைப் பலமுறை கீழே கொண்டுபோனார், முழங்கையால் வெட்டினார். இரண்டாம் ரவுண்டில் கில்லட்டின் பிடிக்கு (முன்னாலிருந்து கழுத்தைக் கையால் நெரிப்பது) ஆசைப்பட்டு மேல்நிலையைக் கைவிட்டார். மக்ரெகர் எழுந்தார், மூச்சு வாங்கிய மெண்டஸை ரவுண்ட் முடிய மூன்று விநாடி இருக்கும்போது முடித்தார். அன்று இதைப் பார்த்த ரசிகர்கள் "மக்ரெகர் மல்யுத்தத்தைச் சமாளித்துவிட்டார்" என்று படித்தார்கள். கவனமாகப் பார்த்தால் கிடைக்கும் பாடம் வேறு: டேக்டவுன் தடைபடவில்லை, எழுந்தது எதிராளியின் தவறாலும் மூச்சிரைப்பாலும். முழுப் பயிற்சி முகாமோடு வரும் கபீப் மேல்நிலையைப் பிடிக்காகக் கைவிடுகிறவர் அல்ல. சந்தையின் 60-ஐ மேலே நகர்த்த ஒரு வரிக் காரணம் இதுதான். மக்ரெகரின் டேக்டவுன் தடுப்புச் சதவீதத்தை நம்பாததற்கும் இதுவே காரணம்: அவருடைய எதிராளிகளில் பெரும்பாலோர் நின்று ஆடுபவர்கள். பாய்ந்து பார்க்காதவரைத் தடுத்ததாகக் கணக்கில் எழுத முடியாது.

இடதுகை

மக்ரெகர் சவுத்பா (வலது காலை முன்வைத்து நிற்பவர்), கபீப் ஆர்த்தடாக்ஸ் (இடது காலை முன்வைப்பவர்). இருவரின் முன்கால்களும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும். இந்த நிலையில் மக்ரெகரின் நேர் இடது, கபீப்பின் காவலுக்கு நடுவே நேர்க்கோட்டில் வரும். கை எட்டும் தூரம் மக்ரெகருக்கு 74 அங்குலம், கபீப்புக்கு 70. நான்கு அவுன்ஸ் கையுறை. கபீப் நின்ற நிலையில் தலையை நடுக்கோட்டிலிருந்து அதிகம் நகர்த்தமாட்டார். பின்வாங்கும்போது நேராகப் பின்வாங்குவார். 2016 நவம்பரில் மைக்கேல் ஜான்சன், அவரும் சவுத்பா, முதல் ரவுண்டில் இதே இடது கையால் அவரைத் தடுமாற வைத்தார். அடி வாங்கிய கபீப் உடனே கட்டிப்பிடித்துக் கீழே இழுத்துப்போய் மூன்றாம் ரவுண்டில் கையை முறுக்கி முடித்தார். இந்த ஒரு சண்டையிலேயே இரண்டு பக்கத்துக்கும் ஆதாரம் இருக்கிறது: அடி படும், பட்டாலும் மீள்கிறார். ஆனால் ஜான்சனை விட மக்ரெகர் அடியை இடம்பார்த்து, நேரம்பார்த்து வைப்பவர்.

இடைவெளி, எடை, மற்றவை

மக்ரெகரின் கடைசி எம்.எம்.ஏ. சண்டை 2016 நவம்பர் 12, மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆல்வாரஸுடன். ஏறக்குறைய 23 மாதம். நடுவில் 2017 ஆகஸ்டில் மேவெதருடன் குத்துச்சண்டை. 10-ஆம் ரவுண்டில் ரெஃபரி நிறுத்த, மக்ரெகர் தோற்றார். குத்துச்சண்டைப் பயிற்சி கைக்கு நல்லது, இடுப்புக்கு அல்ல. மல்யுத்தத் தடுப்பில் முதலில் துருப்பிடிப்பது எதிர்வினை நேரம். டயஸ் சண்டைகள் இரண்டிலும் மேவெதர் சண்டையிலும் ஒரே விஷயம் திரும்பத் தெரிகிறது: வேகமாகத் தொடங்கி, நடுவில் மூச்சு இறங்கும். கபீப்புக்கும் 2014-க்கும் 2016-க்கும் இடையே காயங்களால் இரண்டாண்டு இடைவெளி உண்டு. ஆனால் அது பழைய கதை, ஆறு மாதம் முன்புதான் 25 நிமிடம் ஆடியிருந்தார்.

எடை கபீப்பின் பலவீனப் புள்ளி. 2017 மார்ச்சில் ஃபெர்குசனுடனான சண்டை, எடைக் குறைப்பின்போது அவர் மருத்துவமனைக்குப் போனதால் ரத்தானது. அதனால் வியாழன் வரை அவருக்கு ஒரு புள்ளி குறைத்தே வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை கபீப் 155, மக்ரெகர் 154.5. பட்டச் சண்டையில் ஒரு பவுண்ட் சலுகை கிடையாது, 155-தான் எல்லை. எடைபார்ப்பில் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். உடையைக் கழற்றிவிட்டு நிற்கத் துண்டு மறைப்பு கேட்டாரா, நேரத்தின் தொடக்கத்தில் வந்தாரா கடைசியில் வந்தாரா, தராசிலிருந்து இறங்கும்போது கால் நிலையாக இருந்ததா என்று பாருங்கள். ஒட்டிய கன்னத்தை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம். மக்ரெகர் ஃபெதர்வெயிட் காலத்தில் எலும்புக்கூடு போல நின்றுவிட்டு மறுநாள் ஆல்டோவைச் சாய்த்தவர்.

பத்திரிகையாளர் சந்திப்பு, திறந்தவெளிப் பயிற்சி, சண்டைக்கு முந்தைய வசைகள்: பூஜ்யம். ஏப்ரலில் புரூக்ளினில் கபீப் இருந்த பேருந்து மீது மக்ரெகர் தரப்பு நடத்திய தாக்குதல் கபீப்பைக் கோபத்தில் தவறு செய்யவைக்கும் என்று அப்போது நிறையப் பேர் எழுதினார்கள். கோபம் யாரைத் தவறு செய்யவைக்கும், யாரைக் கூர்மையாக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் வழி யாரிடமும் கிடையாது. எனவே எண்ணில் சேர்க்கக்கூடாது.

"அவர் இவரை ஜெயித்தார், இவர் உன்னை ஜெயித்தார்" என்ற சங்கிலியும் அப்படித்தான். மக்ரெகரை டயஸ் வென்றார், டயஸை டோஸ் ஆஞ்சோஸ் வென்றார், டோஸ் ஆஞ்சோஸைக் கபீப் வென்றார், ஆகவே கபீப்! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதே கணக்குப்படி, மக்ரெகர் வென்ற போரியேவை முதல் ரவுண்டிலேயே சாய்த்த மைக்கேல் ஜான்சன், மக்ரெகரை ஊதித் தள்ள வேண்டும்.

ரவுண்ட் ரவுண்டாகக் கணக்கு

நூறு முறை இந்தச் சண்டை நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மக்ரெகர் தன் பத்து யு.எஃப்.சி. சண்டைகளில் ஏழை முதல் இரண்டு ரவுண்டில் முடித்தார்: 70 சதவீதம். அந்த எதிராளிகள் பெரும்பாலும் நின்றவர்கள். கபீப்புடன் பத்து நிமிடத்தில் பாதிதான் நின்று கிடைக்கும் என்று எடுத்தால் 35. அதுவரை யாராலும் வீழ்த்த முடியாத தாடை, 23 மாத இடைவெளி இரண்டுக்கும் சேர்த்து இன்னும் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 23 சொச்சம் வரும், 24 என்று வைத்துக்கொள்வோம். முரட்டுக் கணக்குதான், ஆனால் எந்தப் படியில் எவ்வளவு கழித்தோம் என்று பின்னால் திரும்பிப் பார்க்க முடியும்.

அந்த 24-ஐ முதல் ரவுண்டுக்கு 14, இரண்டாவதுக்கு 10 என்று பிரிக்கலாம். கபீப் முடிப்பது முதல் ரவுண்டில் 4, இரண்டில் 7. ஆக நூறில் 65 சண்டைகள் மூன்றாம் ரவுண்டைத் தொடும். மூன்றாவதில் மக்ரெகர் 4, கபீப் 7; மிச்சம் 54. நான்காவதில் மக்ரெகர் 2, கபீப் 5, மிச்சம் 47. ஐந்தாவதில் மக்ரெகர் 1, கபீப் 4. மிச்சம் 42 ஜட்ஜ்களிடம் போகும். மேல்நிலையில் அதிக நேரம் இருப்பவருக்கே ரவுண்ட் போகும் என்பதாலும், 2017 முதல் நடைமுறைக்கு வந்த அளவுகோலின்படி ஒருதலைப்பட்ச ரவுண்டுக்கு 10-8 (வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 8) எளிதாகக் கிடைக்கிறது என்பதாலும், அந்த 42-ஐ ஆறில் ஐந்து கபீப்புக்கு என்று பிரிக்கலாம்: 35-க்கு 7.

கூட்டினால் கபீப் 62 (முடித்து 27, புள்ளியில் 35), மக்ரெகர் 38 (முடித்து 31, புள்ளியில் 7). சமநிலைக்கு அரைப் புள்ளிகூடத் தேறாது, விட்டுவிடலாம். கபீப் முடிக்கும் 27-இல், மக்ரெகரின் தோல்விகள் மூன்றும் சப்மிஷன் என்பதால் 18 சப்மிஷன், 9 அடித்து நிறுத்தம்.

கூட்டுத்தொகை சந்தையின் 60-க்கு இரண்டு புள்ளி மேலேதான். இவ்வளவு வேலை செய்து இரண்டு புள்ளியா என்று கேட்கலாம். ரவுண்ட் ரவுண்டாகக் கிளை பிரியும் இந்தக் கணக்கு ஒரு மரம். மரத்தின் மதிப்பு கூட்டுத்தொகையில் இல்லை, கிளைகளில் இருக்கிறது. மூன்றாம் ரவுண்ட் மணி அடிக்கும்போது மிச்சமிருக்கும் 65-இல் கபீப்புக்கு 51, மக்ரெகருக்கு 14. அதாவது யார் எந்த ரவுண்டை எடுத்தார் என்று ஒன்றும் தெரியாமலே, சண்டை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்ற ஒரே செய்தியால் கபீப் 62-லிருந்து 78-க்குப் போகிறார். இப்படி ஒரு கேள்விக்குச் சந்தையின் ஒற்றை எண் பதில் சொல்லாது.

நடந்ததோடு ஒப்பிடல்

முதல் ரவுண்டின் தொடக்கத்திலேயே கபீப் காலுக்குப் பாய்ந்தார். மக்ரெகர் இடுப்பைப் பின்தள்ளித் தடுத்தார். கபீப் பிடித்த காலை விடாமல் வேலிக்குக் கொண்டுபோய்ச் சாய்த்தார். மேலே எழுதிய வரிசை அப்படியே. மக்ரெகர் பதறி எழ முயலாமல், கைகளைக் கட்டிக்கொண்டு சேதத்தைக் குறைத்தார். மூச்சைச் சேமிக்கும் இந்தப் பொறுமையைக் கணிப்பு எதிர்பார்க்கவில்லை. கபீப் முடிக்கும் வாய்ப்பு முதல் ரவுண்டில் குறைவு என்ற எண் சரியாக இருந்தாலும், அதற்குச் சொன்ன காரணத்தில் இது இல்லை.

இரண்டாம் ரவுண்ட் மரத்தில் இல்லாத கிளை. கபீப் வீசிய வலது கை தலைக்கு மேலிருந்து இறங்கி மக்ரெகரைத் தரையில் உட்காரவைத்தது. நின்ற நிலையில் விழுவது கபீப்தான் என்று எல்லோரும் எண்ணியிருந்த இடத்தில் இது நடந்தது. காரணம் தேடினால் கிடைக்கிறது: காலுக்குப் பாய்வார் என்ற பயத்தில் மக்ரெகரின் கைகளும் கண்ணும் கீழே இருந்தன. டேக்டவுன் அச்சுறுத்தல் குத்துக்கு வழி திறக்கும் என்பது இந்த விளையாட்டின் பழைய உண்மை. மல்யுத்தக்காரர்களின் நாக்டவுன் (குத்தி விழவைக்கும்) வாய்ப்பை அவர்களுடைய குத்துத் தரத்தை மட்டும் வைத்து எடைபோடுவது கணிப்பாளர்களின் வழக்கமான பிழை. அடுத்த மரத்தில் இதற்கு ஒரு தனிக் கிளை போட வேண்டும்.

மூன்றாவது மக்ரெகருக்குப் போனது. இரண்டாவதில் அடித்து ஓய்ந்த கபீப்பின் பாய்ச்சல்கள் எடுபடவில்லை. ஏறக்குறைய முழு ரவுண்டும் நின்றே நடந்தது. முழு ரவுண்ட் நின்று கிடைத்தும் மக்ரெகரால் கபீப்பைத் தடுமாற வைக்க முடியவில்லை. மூன்றாம் ரவுண்டுக்கு மேல் அவர் யாரையும் முடித்ததில்லை என்ற பழைய தரவோடு இது பொருந்துகிறது. நான்காவதில் கபீப் கீழே இழுத்து, முதுகேறி, தாடைக்கு மேலேயே கையைக் கொடுத்து இறுக்கினார்.

மரத்தின்படி "நான்காம் ரவுண்டில் கபீப், சப்மிஷன்" என்ற துல்லியமான முடிவுக்கு வாய்ப்பு ஐந்தில் மூன்றில் இரண்டு, அதாவது நூறில் மூன்று சொச்சம்தான். நல்ல கணிப்பிலும் துல்லியமான முடிவின் எண் இவ்வளவு சிறியதாகத்தான் இருக்கும். சண்டைக்கு முன் "நான்காம் ரவுண்டில் சப்மிஷன்" என்று சொல்லி ஜெயித்தவரிடம், அவர் முன்னால் சொன்ன இருபது கணிப்புகளையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மதிப்பெண் போட எளிய வழி பிரையர் மதிப்பு: நடந்ததை 1 என்று வைத்து, கொடுத்த எண்ணைக் கழித்து, வர்க்கப்படுத்துவது. குறைந்தால் நல்லது. 62-க்கு 0.144. சந்தையின் 59.6-க்கு 0.163. நாணயம் சுண்டினால் 0.25. மக்ரெகர் ஜெயித்திருந்தால் நம் மரத்துக்கு 0.384. ஒரு சண்டையில் 0.144-க்கும் 0.163-க்கும் உள்ள வித்தியாசத்துக்கு எந்த அர்த்தமும் கிடையாது. நூறு சண்டை சேர்ந்த பிறகு பேசலாம். அந்த நூறிலும் 60 சதவீதம் என்று சொன்னவற்றைத் தனியாக எடுத்து, அவற்றில் பத்துக்கு ஆறு நடந்ததா என்று பார்க்க வேண்டும். பத்துக்கு ஒன்பது நடந்திருந்தாலும் தவறுதான். எண்ணைப் பயந்து குறைத்திருக்கிறோம் என்று பொருள்.

கடைசி ரவுண்டின் எண்ணைப் பூஜ்யமாக்காதது ஏன் என்பதற்கும் ஒரு சண்டை உண்டு. 2022 ஆகஸ்ட் 20, சால்ட் லேக் சிட்டி, யு.எஃப்.சி. 278. நான்கு ரவுண்ட் முடிவில் மூன்று ஜட்ஜ்களும் கமாரு உஸ்மானுக்கு 39-37. லியான் எட்வர்ட்ஸ் களைத்து, மனம் விட்டதுபோல் தெரிந்தார். ஐந்தாவதில் 4 நிமிடம் 4 விநாடியில் இடது காலால் தலையில் ஒரு உதை, உஸ்மான் எழவில்லை. ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் இருக்கும்போதும் அடி வலுவுள்ள ஆளுக்கு ஒன்றிரண்டு புள்ளி விட்டுவைப்பது ஊதாரித்தனமல்ல.

கபீப்பின் அடுத்த சண்டைக்கு, 2019 செப்டம்பர் 7 அபுதாபியில் டஸ்டின் போரியேவுடன், இதே மரத்தை எடுத்தால் மாற்ற வேண்டியவை மூன்று. கபீப் இரண்டு, மூன்றாம் ரவுண்டுகளில் முடிக்கும் எண்ணைக் கூட்ட வேண்டும், ஏனென்றால் மேல்நிலையில் கழுத்துக்குப் போகவும் அவர் தயார் என்று தெரிந்துவிட்டது. போரியேவும் சவுத்பா, ஆனால் முதல் இரண்டு ரவுண்டோடு வேகம் இறங்குகிறவர் அல்ல. எனவே அவருடைய நாக்அவுட் எண்கள் ரவுண்டுகளில் சமமாகப் பரவ வேண்டும். மூன்றாவது, மக்ரெகர் மரத்தில் இல்லாத ஒரு கிளை: பாய்ந்து வரும் தலையைப் பிடித்துக் கில்லட்டின் போடுவது போரியேவின் பழக்கம். அதற்கு ரவுண்டுக்கு ஒரு புள்ளியாவது தனியாக எழுத வேண்டும். மூன்றாம் ரவுண்டில் போரியே அந்தப் பிடியைப் போட்டார். கபீப் தலையை உருவிக்கொண்டு, 2 நிமிடம் 6 விநாடியில் பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்து முடித்தார்.